பிரின்ட் க்யூ சிக்கிக்கொண்டது, 'டெலிட்டிங்' என்றே நிற்கிறது: என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு விண்டோஸ் கணினி, பக்கத்திலேயே ஒரு இங்க்ஜெட் பிரின்டர். பிடிஎஃப் ஒன்றுக்குப் பிரின்ட் கொடுத்தால் வரவில்லை. மறுபடி கொடுத்தும் வரவில்லை. க்யூவை, அதாவது அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தால் முதல் வரியில் 'பிரின்டிங்' என்று இருந்தது. அதை நீக்கச் சொன்னதும் 'டெலிட்டிங்' என்று மாறி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் கொடுத்தவை எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. கணினியை அணைத்துப் போட்டாலும் அதே வரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிரைவரை (பிரின்டரைக் கணினி இயக்க உதவும் மென்பொருளை) எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா, இல்லை பிரின்டரே போய்விட்டதா?

இரண்டுக்குமே வாய்ப்பு குறைவு. டிரைவரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். சிக்கியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு பிரின்ட் வேலைதான். அதை உரிய இடத்தில், உரிய வரிசையில் அழித்தால் கொஞ்ச நேரத்தில் க்யூ காலியாகிவிடும். ஆனால் அது ஏன் சிக்கியது என்று பார்க்காமல் விட்டால் நாளைக்கே திரும்ப வரும். அதனால் முதலில் அழிக்கும் வழியைச் சொல்கிறேன், அப்புறம் காரணங்களுக்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். பிரின்ட் வரவில்லை என்றதும் திரும்பத் திரும்பப் பிரின்ட் பொத்தானை அழுத்துவதை நிறுத்துங்கள். முதல் வேலை நகராதவரை அடுத்தது எதுவும் நகராது. எப்படியோ தடை நீங்கினால், ஒரே ஆவணம் ஐந்து பிரதியாக வந்து தாளும் மையும் வீணாகும்.

பிரின்ட் கொடுத்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் பிரின்டரோடு நேராகப் பேசுவதில்லை. ஆவணத்தை விண்டோஸில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் 'பிரின்ட் ஸ்பூலர்' என்ற சர்வீஸிடம் (பின்னணியில் இயங்கும் நிரலிடம்) கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஸ்பூலர் அதை வாங்கி, வட்டில் தனக்கென உள்ள ஒரு ஃபோல்டரில் இரண்டு ஃபைல்களாக எழுதி வைக்கிறது. ஒன்று எஸ்பிஎல் என்று முடியும்; அச்சாக வேண்டிய உள்ளடக்கம் அதில் இருக்கும். மற்றது எஸ்எச்டி என்று முடியும்; யார் கொடுத்தது, எந்தப் பிரின்டருக்கு, ஆவணத்தின் பெயர் என்ன என்ற விவரங்கள் அதில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண், 00012.எஸ்பிஎல், 00012.எஸ்எச்டி என்பது போல. அதன் பிறகு ஸ்பூலர் உள்ளடக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ பிரின்டருக்கு அனுப்புகிறது. பிரின்டருக்குள்ளும் சின்னதாக ஒரு நினைவகம் உண்டு. வந்து சேர்ந்த பகுதி அங்கே காத்திருக்கும்.

ஆக, ஒரே பிரின்ட் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கிடக்கிறது: கணினியின் வட்டில் முழுதாக, பிரின்டரின் நினைவகத்தில் பாதியாக. நீங்கள் 'கேன்சல்' கொடுக்கும்போது ஸ்பூலர் அதை அழிக்க வேண்டிய வேலை என்று குறித்துக்கொள்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அது பிரின்டருக்கு எதையோ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், பதில் வரும்வரை கையில் பிடித்திருக்கும் ஃபைலை விடாது. பிரின்டர் பதிலே சொல்லாவிட்டால் 'டெலிட்டிங்' என்ற சொல் நாள் முழுக்க அங்கேயே நிற்கும்.

கணினியை அணைத்துப் போட்டாலும் போகாததற்குக் காரணமும் இதுதான். ஃபைல்கள் வட்டில் இருக்கின்றன. ஸ்பூலர் மறுபடி எழுந்ததும் அந்த ஃபோல்டரைப் பார்த்து, எஸ்எச்டி ஃபைல்களைப் படித்து, பழைய வரிசையை அப்படியே திரும்ப அமைத்துக்கொள்கிறது. கரண்ட் போனாலும் பிரின்ட் தொலைந்துபோகக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், சிக்கும்போது மட்டும் நமக்கு எதிராக வேலை செய்கிறது. இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் 'ஷட்டவுன்' கொடுத்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதிலிருந்தே எழுகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் முழுதாக மூடித் திறக்கும். எனவே பிரின்டர் சிக்கலுக்காகக் கணினியை அணைப்பதென்றால் 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். இலேசான சிக்கல் அதிலேயே தீர்வதும் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் பிரின்டரை நேரில் போய்ப் பாருங்கள். தாள் இருக்கிறதா, மூடி சரியாக மூடியிருக்கிறதா, ஏதாவது விளக்கு சிமிட்டுகிறதா, சின்னத் திரை இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது? இதில் பலரும் கவனிக்காமல் விடுவது தாளின் அளவு. ஆவணம் 'லெட்டர்' அளவில் தயாரிக்கப்பட்டிருக்கும், தட்டில் இருப்பது ஏ4. சில பிரின்டர்கள் தாங்களாகவே சரிசெய்துகொள்ளும். சில, சரியான தாளை வைத்துவிட்டு ஓகே அழுத்துங்கள் என்று காத்து நிற்கும். கணினித் திரையில் அது வெறும் 'பிரின்டிங்' என்றே தெரியும். அப்படியானால் பிரின்டரில் உள்ள ஓகே அல்லது ரெஸ்யூம் பொத்தானை அழுத்தினாலே க்யூ ஓடத் தொடங்கிவிடும். கீழே சொல்லும் எதுவும் தேவைப்படாது.

அங்கே குறை ஒன்றும் தெரியவில்லையா? பிரின்டரை அதன் பவர் பொத்தானால் அணையுங்கள், அணைந்த பிறகு பிளக்கையும் உருவிவிடுங்கள். கணினியில் எதையும் அழிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணம் சொல்கிறேன். பிரின்டரின் நினைவகத்தில் பாதி ஆவணம் இருக்கிறது. மீதிப் பாதியைக் கணினியில் அழித்துவிட்டு அடுத்த ஆவணத்தை அனுப்பினால், பிரின்டர் அதைப் பழையதன் தொடர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போதுதான் தாளுக்கு ஒரு வரியாக, புரியாத குறிகள் நிறைந்த பக்கங்கள் வந்து குவியும். பிரின்டரை அணைத்தால் அந்தப் பாதி போய்விடும். எழும்போது அது புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது ஸ்பூலரை நிறுத்துவது. ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடுங்கள். அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அகர வரிசையில் கீழே போனால் 'பிரின்ட் ஸ்பூலர்' தெரியும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப்' கொடுங்கள். அந்த ஜன்னலை மூட வேண்டாம், திரும்ப வருவோம். கமாண்ட் பிராம்ப்ட் பழகியவர்கள் அதை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட் ஸ்டாப் ஸ்பூலர்' என்ற மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் இதே வேலை நடக்கும்.

சில நேரம் ஸ்பூலரே 'ஸ்டாப்பிங்' என்று தொங்கிவிடும். அப்போது டாஸ்க் மேனேஜரில் 'டீட்டெயில்ஸ்' பகுதிக்குப் போய் 'ஸ்பூல்எஸ்வி' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்பூலர் எதிர்பாராமல் விழுந்தால் சிறிது நேரத்தில் தானே எழுப்பிவிடும்படி விண்டோஸில் ஏற்பாடு இருக்கிறது. எனவே டாஸ்க் மேனேஜரில் நிறுத்திய கையோடு சர்வீசஸ் ஜன்னலுக்குத் திரும்பி, அது மறுபடி ஓடத் தொடங்கியிருந்தால் அங்கே முறைப்படி 'ஸ்டாப்' கொடுங்கள். இந்த முறை எளிதில் நிற்கும்.

இப்போது ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவைத் திறந்து 'விண்டோஸ்', அதற்குள் 'சிஸ்டம்32', அதற்குள் 'ஸ்பூல்', அதற்குள் 'பிரின்டர்ஸ்' என்று போங்கள். கடைசி ஃபோல்டரைத் திறக்கும்போது உங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி, தொடரவா என்று கேட்கும், 'கன்டினியூ' கொடுங்கள். உள்ளே அந்த எஸ்பிஎல், எஸ்எச்டி ஜோடிகள் தெரியும். எல்லாவற்றையும் அழியுங்கள். உள்ளே இருப்பதை மட்டும்தான் அழிக்க வேண்டும். 'பிரின்டர்ஸ்' ஃபோல்டர் அங்கேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில் 'டிரைவர்ஸ்' என்றொரு ஃபோல்டர் இருக்கும், அதைத் தொட வேண்டாம். ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று வந்தால் ஸ்பூலர் இன்னும் நிற்கவில்லை என்று பொருள். முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

அழிப்பதற்கு முன் ஒரு கணம் ஃபைல்களின் அளவைப் பாருங்கள். சிக்கலுக்கான துப்பு அங்கேயே கிடைத்துவிடலாம். எஸ்பிஎல் ஃபைல் சில எம்பி இருந்தால் அது இயல்பு. 2 எம்பி பிடிஎஃபுக்கு அங்கே பல நூறு எம்பியில் ஒரு ஃபைல் உட்கார்ந்திருந்தால் ஆவணமே காரணமாக இருக்கலாம். அது எப்படி அவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த ஃபைல்களில் இருப்பது நீங்கள் அச்சிடக் கொடுத்த ஆவணத்தின் உள்ளடக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள். பலர் பயன்படுத்தும் கணினியில் வங்கி விவரமோ மருத்துவ அறிக்கையோ பிரின்ட் கொடுத்து, வராமல் போய், அப்படியே எழுந்துபோனால், பிரின்டர் சரியானதும் அது யார் கையிலாவது போய்ச் சேரும்.

ஃபோல்டர் காலியானதும் சர்வீசஸ் ஜன்னலில் ஸ்பூலருக்கு 'ஸ்டார்ட்' கொடுங்கள். க்யூவைத் திறந்து பார்த்தால் ஒரு வரியும் இருக்காது. அதன் பிறகு பிரின்டருக்கு மின் இணைப்புக் கொடுத்து இயக்கி, அது உறுமல் எல்லாம் முடித்து அமைதியாகும்வரை பொறுங்கள். முதல் சோதனைக்கு, சிக்கிய அதே பிடிஎஃபைக் கொடுக்காதீர்கள். நோட்பேடில் இரண்டு வரி அடித்து அதைக் கொடுங்கள், அல்லது பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் உள்ள 'பிரின்ட் டெஸ்ட் பேஜ்' போதும்.

டெஸ்ட் பக்கம் வந்துவிட்டது, பிடிஎஃபைக் கொடுத்ததும் மறுபடி சிக்குகிறது என்றால் குற்றவாளி ஆவணம்தான். ஒரு ஏ4 பக்கத்தை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) தெளிவில் முழுப் படமாக மாற்றினால் அகலத்தில் 4960, உயரத்தில் 7016 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வண்ணம் என்று வைத்தால், சுருக்காத நிலையில் ஒரே பக்கம் 100 எம்பியைத் தாண்டும். வழக்கமாக டிரைவர் எழுத்துகளை எழுத்துகளாகவும் கோடுகளைக் கோடுகளாகவும் அனுப்பிச் சமாளிக்கும். ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒளிபுகும் படங்கள், நுணுக்கமான வரைபடங்கள், பழுதான எழுத்துரு என்று ஏதாவது இருந்தால் பக்கம் வீங்கிவிடும், அல்லது டிரைவர் பாதியில் தடுமாறி நின்றுவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது: முதலில் எந்தப் பக்கத்தில் சிக்குகிறது என்று கண்டுபிடியுங்கள். 20 பக்க ஆவணம் என்றால் 1 முதல் 10 வரை கொடுங்கள்; வந்துவிட்டால் 11 முதல் 15. பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் சீக்கிரம் அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்வீர்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அடோபி ரீடரில் 'அட்வான்ஸ்டு' பொத்தானுக்குள் இருக்கும் 'பிரின்ட் அஸ் இமேஜ்' டிக் போட்டுக் கொடுங்கள். முழுப் படமாக மாற்றினால் பெரிதாகும் என்று இப்போதுதான் சொன்னேன், பிறகு ஏன் அதையே செய்யச் சொல்கிறேன் என்று தோன்றலாம். இங்கே அந்தச் சிக்கலான வேலையை டிரைவருக்கு விடாமல் ரீடரே செய்து முடித்துவிடுகிறது. டிரைவருக்குப் போவது எளிமையான ஒரே படம். தெளிவை 300 டிபிஐ என்று வைத்தால் அளவு நாலில் ஒரு பங்காகும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசமும் தெரியாது. இன்னொரு வழி, அதே பிடிஎஃபை எட்ஜ் அல்லது குரோமில் திறந்து அங்கிருந்து பிரின்ட் கொடுப்பது. வேறு மென்பொருள் பக்கத்தை வேறு மாதிரி அமைத்து அனுப்பும்; பல நேரம் அதுவே போதும்.

சி டிரைவில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்பூலர் எழுதுவது அங்கேதான். வட்டு நிரம்பி வழிந்தால் எஸ்பிஎல் ஃபைல் பாதியில் நிற்கும், பிரின்டும் பாதியில் நிற்கும்.

டெஸ்ட் பக்கமே வரவில்லையா? அப்படியானால் தகவல் பிரின்டருக்குப் போய்ச் சேரவில்லை. யூஎஸ்பி பிரின்டர் என்றால் பட்டியலில் ஒரே பிரின்டர் இரண்டு முறை, ஒன்றின் பெயருக்குப் பின்னால் 'காப்பி 1' என்ற ஒட்டோடு, இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை வேறொரு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகும்போது விண்டோஸ் சில பிரின்டர்களைப் புதிய பிரின்டர் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துவிடும். நீங்கள் கொடுப்பது பழைய பெயருக்குப் போகும். அந்தத் துளையில் இப்போது எதுவும் இல்லை. எனவே வரிசையில் தவம் கிடக்கும். எது உயிரோடு இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். கூடவே, அமைப்புகளில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்' என்று இருப்பதை அணைத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அது இருக்கும்வரை கடைசியாக எதில் பிரின்ட் கொடுத்தீர்களோ அதுவே இயல்பான பிரின்டராக மாறிக்கொண்டிருக்கும். ஒரே பிரின்டர் உள்ள வீட்டுக்கு அந்த வசதி தேவையே இல்லை.

பழைய பாணி க்யூ ஜன்னலில் 'பிரின்டர்' என்ற மெனு இருக்கும். அதில் 'பாஸ் பிரின்டிங்', 'யூஸ் பிரின்டர் ஆஃப்லைன்' என்ற இரண்டில் எதற்காவது டிக் விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி கேபிள் நடுவில் ஹப் வழியாகப் போகிறது என்றால் ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள்.

வைஃபை பிரின்டர் விஷயம் கொஞ்சம் நீளமானது. வீட்டில் க்யூ அடிக்கடி சிக்குகிறது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் கதை இங்கேதான் வந்து நிற்கும். ரவுட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரி கொடுக்கிறது. அது நிரந்தரம் இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாலோ, பிரின்டர் நாள்கணக்கில் அணைந்து கிடந்தாலோ, அடுத்த முறை வேறு முகவரி கிடைக்கலாம். கணினியில் உள்ள பிரின்டர் பதிவு பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தால் ஸ்பூலர் அங்கே தட்டிக்கொண்டே இருக்கும். கதவைத் திறக்க ஆள் இருக்காது. நேற்றுவரை வேலை செய்தது, எதையுமே மாற்றவில்லை, இன்று சிக்கிவிட்டது என்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

சரிபார்ப்பது எளிது. பிரின்டரின் திரையில் நெட்வொர்க் பகுதியில் ஐபி முகவரி இருக்கும். திரை இல்லாத பிரின்டரில் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட ஒரு பொத்தான் சேர்க்கை உண்டு, கையேட்டில் இருக்கும். அந்த முகவரியைக் கணினியின் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பல பிரின்டர்கள் தங்களுக்குள் ஒரு சின்ன வலைப்பக்கத்தை வைத்திருக்கும்; அது திறந்தால் கணினிக்கும் பிரின்டருக்கும் பாதை திறந்திருக்கிறது என்று உறுதி. பிறகு பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பகுதிக்குப் போய், டிக் விழுந்திருக்கும் போர்ட் (கணினி பிரின்டருக்குத் தகவல் அனுப்பும் வழி) எது என்று பாருங்கள். அங்கே இருக்கும் முகவரி வேறாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 'ஆட் போர்ட்' கொடுத்து 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' என்பதைத் தேர்ந்து புதிய முகவரியைக் கொடுங்கள்.

போர்ட்டின் பெயர் 'டபிள்யூஎஸ்டி' என்று தொடங்கினால், பிரின்டரை விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தது என்று பொருள். அது முகவரியை நம்பாமல் நெட்வொர்க்கில் பிரின்டரைத் தேடிப் பிடிக்கும் முறை. நல்ல யோசனைதான், ஆனால் பிரின்டர் தூங்கி எழும் வீடுகளில் அது தடம் தவறிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் டிசிபி/ஐபி போர்ட்டுக்கு மாற்றிவிடச் சொல்வேன். கூடவே ரவுட்டரின் அமைப்பில் 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' என்று இருப்பதைப் பயன்படுத்தி, பிரின்டருக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி செய்துவிடுங்கள். இது ஒரு முறை செய்யும் வேலை. முகவரி மாறி வரும் சிக்கல் இதோடு ஒழிந்தது.

டிசிபி/ஐபி போர்ட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 'கான்ஃபிகர் போர்ட்' அழுத்தினால் அடியில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் விண்டோஸ் பிரின்டரிடம் நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். அப்படி விசாரிக்கப் பயன்படும் மொழிதான் எஸ்என்எம்பி; அது தெரியாத பிரின்டர் பதில் சொல்லாமல் இருந்தால், நன்றாக இருக்கிற பிரின்டரையும் 'ஆஃப்லைன்' என்று முடிவு கட்டி வேலையை நிறுத்தி வைக்கும். பாதை திறந்திருந்தும் 'ஆஃப்லைன்' என்று காட்டினால் அந்த டிக்கை எடுத்துப் பாருங்கள்.

கணினியும் பிரின்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால், அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் வழக்கமாகத் தடுத்திருக்கும். அலுவலக வேலைக்காக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் தனிப் பாதை) போட்டிருந்தால் அதுவும் வீட்டு நெட்வொர்க்கை மறைக்கலாம். விபிஎன்னைத் துண்டித்ததும் காத்திருந்த பிரின்ட் எல்லாம் மளமளவென்று வந்து விழுந்தால் விடை அதுதான்.

இன்னொரு வகைப் புகார் உண்டு: பிரின்ட் ஒழுங்காக வந்துவிடுகிறது, ஆனால் க்யூவிலிருந்து போக மாட்டேன் என்கிறது. இதற்குப் பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியைப் பாருங்கள். 'கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ்' என்பதில் டிக் இருந்தால், அச்சான பிறகும் வைத்திரு என்று நாமே சொல்லியிருக்கிறோம். எடுத்துவிட்டால் முடிந்தது.

ஸ்பூலர் ஓடவே மறுக்கிறது என்றால் சர்வீசஸ் பட்டியலில் அதன் மேல் டபுள் கிளிக் செய்து 'ஸ்டார்ட்அப் டைப்' என்ன என்று பாருங்கள். 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும். 2021இல் ஸ்பூலரில் 'பிரின்ட்நைட்மேர்' என்ற பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, தற்காலிகத் தற்காப்பாக ஸ்பூலரையே முடக்கி வைக்கச் சொன்னார்கள். அப்போது யாராவது முடக்கிவிட்டு மறந்திருக்கலாம். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஜூலையிலேயே வெளியிடத் தொடங்கிவிட்டது. எனவே விண்டோஸ் அப்டேட் ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்தக் காரணத்துக்காக இன்னும் முடக்கி வைத்திருக்க வேண்டியதில்லை.

ஸ்பூலர் ஓடத் தொடங்கி, பிரின்ட் கொடுத்ததும் தானே விழுந்துவிடுகிறது என்றால், இப்போதுதான் டிரைவரைச் சந்தேகிக்கும் நேரம். பிரின்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் டிரைவர் போகாது. அதனால்தான் நீக்கிவிட்டுத் திரும்பச் சேர்த்தும் அதே கோளாறு என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். முதலில் யூஎஸ்பி கேபிளை உருவுங்கள், பிரின்டரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள், ஸ்பூலரை ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள். பிறகு 'பிரின்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' ஜன்னலில் 'டிரைவர்ஸ்' பகுதிக்குப் போய், உங்கள் பிரின்டரின் பெயரைத் தேர்ந்து 'ரிமூவ்' கொடுங்கள். டிரைவரை மட்டுமா, டிரைவர் பேக்கேஜையும் சேர்த்தா என்று கேட்கும், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாத பழைய பிரின்டர்களின் டிரைவர்களும் அங்கே கிடந்தால் அவற்றையும் எடுத்துவிடலாம். ஸ்பூலரைக் கவிழ்ப்பது சில நேரம் அவைதான். அதன் பிறகு பிரின்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கி, அது கேட்கும்போது மட்டும் கேபிளைச் செருகுங்கள்.

டிரைவரை வேறு எந்தத் தளத்திலிருந்தும் இறக்காதீர்கள். டிரைவர்களைத் தானே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களும் வேண்டாம். இணையத்தில் தேடும்போது கண்ணில் படும் 'பிரின்டர் ஹெல்ப்லைன்' எண்களில் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டு, பிறகு பணம் கேட்கும் மோசடிக் கும்பல்கள் பிரின்டர் தகராறில் தவிப்பவர்களைக் குறிவைக்கின்றன. ஒரு க்யூவை அழிக்க யாருக்கும் உங்கள் கணினியைத் திறந்துவிட வேண்டிய அவசியம் இல்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாக. இரண்டிலும் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற ஒரே அமைப்புதான். 1999இல் வெளிவந்தது, ஆப்பிள் 2002 முதல் தன் மேக்கில் அதையே பயன்படுத்துகிறது. அங்கே சிக்கலின் முகம் கொஞ்சம் வேறு: ஒரு வேலை தோற்றால் க்யூவே 'பாஸ்டு' நிலைக்குப் போய், பிரின்டர் சரியான பிறகும் தானாக எழாமல் இருந்துவிடலாம். எனவே எதையும் அழிக்கும் முன் க்யூ ஜன்னலில் 'ரெஸ்யூம்' பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மேக்கில் 'பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பட்டியலில் கன்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால் 'ரீசெட் பிரின்டிங் சிஸ்டம்' வரும். அது க்யூவோடு சேர்த்து எல்லாப் பிரின்டர்களையும் நீக்கிவிடும்; பிரின்டரைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும், அதனால் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் பிரவுசரைத் திறந்து லோக்கல்ஹோஸ்ட் என்பதோடு 631 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் கப்ஸின் பக்கமே வரும். வேலைகளை ரத்து செய்வதும் க்யூவை எழுப்புவதும் அங்கேயே முடியும்.

எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. யூஎஸ்பி கேபிளை உருவிவிட்டு, வைஃபை பிரின்டர் என்றால் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, பிரின்டரின் சொந்த சோதனைப் பக்கத்தையோ நாசில் (மை வரும் நுண்துளை) சோதனையையோ அதன் பொத்தான்களிலேயே அச்சிடச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் கணினியில் தேடிப் பயனில்லை. பிரின்டரைப் பழுது பார்ப்பவரிடம் காட்ட வேண்டியதுதான். அது ஒழுங்காக வந்தால், சிக்கிய நேரத்தில் க்யூவில் தெரியும் நிலை, 'போர்ட்ஸ்' பகுதியில் டிக் விழுந்திருக்கும் போர்ட்டின் பெயர், ஸ்பூலர் ஓடுகிறதா நின்றுவிட்டதா, இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு கேளுங்கள். அடுத்து எங்கே பார்ப்பது என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.